கண்ணுக்குத் தெரியாத அடைப்புக்குறி

2003-ல் நாங்கள் எழுதிய ஜாவா நிரல்களைப் பார்த்தால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வெக்டார், அர்ரேலிஸ்ட் என்று எதை எடுத்தாலும் உள்ளே போவதும் ஆப்ஜெக்ட், வெளியே வருவதும் ஆப்ஜெக்ட். போட்டது வாடிக்கையாளர் விவரமா, வெறும் எண்ணா என்பது போட்டவருக்கே வெளிச்சம். எடுக்கும்போது அடைப்புக்குறிக்குள் ‘கஸ்டமர்’ என்று எழுதி கேஸ்ட் செய்வோம். கம்பைலர் அதை நம்பிவிடும். ஜேவிஎம் நம்பாது, ஓடும்போது கிளாஸ்கேஸ்ட்எக்செப்ஷன் வீசும். அந்தச் செய்தியிலும் சிக்கனம். உள்ளே இருந்த கிளாஸின் பெயரை மட்டும் சொல்லும். அதை எதுவாக மாற்றப் பார்த்தோம் என்பதை நாம்தான் வரி எண்ணைப் பிடித்துப் போய்ப் பார்க்கவேண்டும்.

இதற்கு எங்களிடம் இருந்த ஒரே காப்பு, கமெண்ட். ‘இந்த லிஸ்டில் கஸ்டமர் மட்டுமே’ என்று மேலே ஒரு வரி. அது இல்லாவிட்டால் டீம் லீடர் சார் கோபித்துக்கொள்வார். அது பொய்யாக இருந்து அவர் கோபித்ததாக நினைவில்லை. பொய்யா மெய்யா என்று அவருக்கும் தெரிய வழியில்லையே.

2004 செப்டம்பரில் ஜாவா 5 வந்தது, ஜெனரிக்ஸோடு. திடீரென்று முளைத்ததல்ல. ஒடர்ஸ்கி, வாட்லர், பிராக்கா, ஸ்டவுட்டமயர் என்ற நால்வர் ‘ஜிஜே’ என்ற பெயரில் 1998-லேயே செய்துகாட்டியிருந்தார்கள். கோண அடைப்புக்குள் ‘ஸ்ட்ரிங்’ என்று எழுதிவிட்டால் அந்த லிஸ்டில் வேறெதையும் கம்பைலர் சேர்க்கவிடாது. எடுக்கும்போது கேஸ்ட்டும் வேண்டாம். பயிற்சி வகுப்பில், இனி கிளாஸ்கேஸ்ட்எக்செப்ஷனே கிடையாது என்றார்கள். கைதட்டினோம்.

தட்டி முடிப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது. ஸ்ட்ரிங்கும் ஆப்ஜெக்ட்தானே, ஆப்ஜெக்ட் லிஸ்ட் கேட்கும் மெத்தடுக்கு ஸ்ட்ரிங் லிஸ்டைக் கொடுத்தால் ஏன் எரர்? கொடுக்கவிட்டால் அந்த மெத்தட் அதற்குள் ஓர் இன்டீஜரைத் திணித்துவிடலாம். கொடுத்தவர் எல்லாம் ஸ்ட்ரிங் என்றே இருப்பார். நியாயம்தான். ஆனால் அதே மொழியில் அர்ரேக்கு இந்த நியாயம் கிடையாது. ஸ்ட்ரிங் அர்ரேயை ஆப்ஜெக்ட் அர்ரே என்று நீட்டினால் கம்பைலர் வாய் திறக்காது. அதில் இன்டீஜரை வைக்கும்போதுதான் அர்ரேஸ்டோர்எக்செப்ஷன் விழும். ஜெனரிக்ஸ் இல்லாத 1990-களில், எந்த ஆப்ஜெக்ட் அர்ரேக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே மெத்தட் எழுத இப்படியொரு சலுகை தேவைப்பட்டது. தேவை போய்விட்டது. சலுகைக்கு மட்டும் ஓய்வு வயது வரவில்லை.

கேள்விக்குறி, எக்ஸ்டெண்ட்ஸ், சூப்பர் என்று அப்புறம் வந்தவற்றை இன்டர்வியூவுக்காக எல்லாரும் ஒப்பித்தோம். அது போகட்டும்.

உண்மையான வேடிக்கை இரேஷரில் இருக்கிறது. ஓடும் நேரத்தில் லிஸ்டுக்குத் தன்னுள் இருப்பது ஸ்ட்ரிங்கா கஸ்டமரா என்று தெரியாது. கம்பைல் ஆகும்போதே அதை அழித்துவிடுவார்கள். பழைய நிரலும் புதியதும் ஒரே ஜேவிஎம்மில் சண்டையில்லாமல் ஓடவேண்டும் என்பதற்காக. சி ஷார்ப்காரர்கள் 2005-ல் பழைய கலெக்‌ஷன்களை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒரு தொகுதி போட்டார்கள். அங்கே ஓடும்போதும் வகை தெரியும். நம் பக்கத்தில், கையில் வந்த ஓர் ஆப்ஜெக்ட் லிஸ்டா என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டுக் கேட்கலாம். ஸ்ட்ரிங் லிஸ்டா என்று கேட்கக்கூடாது. ஸ்ட்ரிங் லிஸ்டை ஆப்ஜெக்ட் லிஸ்டாக நேரே கேஸ்ட் செய்தால் எரர். முதலில் கேள்விக்குறி லிஸ்டாக்கி, அதை ஆப்ஜெக்ட் லிஸ்டாக்கினால் வெறும் எச்சரிக்கை. முன்வாசலில் காவல், கொல்லைப்புறம் திறந்த வீடு. அந்த எச்சரிக்கையின் வாயையும் அடைக்க ‘சப்ரஸ்வார்னிங்ஸ்’ என்று ஒரு வரி உண்டு.

இப்போது நான்தான் லீடர். யாரும் சார் என்பதில்லை, ப்ரோ.

“ப்ரோ, இந்த லைன்ல கேஸ்ட்டே இல்ல. கிளாஸ்கேஸ்ட்எக்செப்ஷன் எப்படி ப்ரோ வருது?”

செய்தி இப்போது தாராளம். எந்த கிளாஸை எதுவாக மாற்ற முடியவில்லை, எது எந்த மாட்யூல், எந்த லோடர் என்று பூர்வோத்தரம் முழுக்கச் சொல்கிறது. லிங்க்டுஹேஷ்மேப்பை கஸ்டமராக்க முடியவில்லையாம். கேள்வி கேட்ட தம்பி, ஜேசன் வடிவ உரையைப் படிக்கும்போது ‘லிஸ்ட் வேண்டும்’ என்று மட்டும் சொல்லியிருந்தான். கஸ்டமர் லிஸ்ட் என்று லைப்ரரிக்கு யார் சொல்வது? அது கைக்கு வந்த மேப்களால் நிரப்பிக் கொடுத்துவிட்டது. கம்பைலர் எச்சரித்துத்தான் இருந்தது. எங்கள் பில்டில் எச்சரிக்கைகளை யார் படிக்கிறார்கள்?

‘ஜாவாப்’ கட்டளை கொடுத்து பைட்கோடைக் காட்டினேன். அவன் கேஸ்ட் எழுதாத அதே இடத்தில் ‘செக்கேஸ்ட்’ உட்கார்ந்திருந்தது.

“அப்ப கேஸ்ட்டை எடுக்கவே இல்லையா ப்ரோ?”

“எடுக்கலப்பா. நாம எழுதிட்டிருந்தோம், இப்ப கம்பைலர் எழுதுது.”

வகையை ஒரு சின்ன கிளாஸின் தலைப்பில் எழுதிவைத்தால் கிளாஸ் ஃபைலில் அது அழியாமல் தங்கும். லைப்ரரி அதைப் படித்துக்கொள்ளும். அந்த வித்தைக்கென்றே உள்ள டைப்ரெஃபரன்ஸைப் போட்டான். சரியாயிற்று. சாயங்காலம் அவனிடமிருந்து இன்னொரு புல் ரிக்வெஸ்ட் வந்தது. ஒரு மெத்தடுக்குப் போட்டாலாவது பரவாயில்லை, முழு கிளாஸுக்கும் மேலே சப்ரஸ்வார்னிங்ஸ். சீக்கிரம் அப்ரூவ் பண்ணச் சொல்லி, கும்பிடு போடும் எமோஜியோடு.