மாப்பிள்ளையிடம் ஐபோன் இருக்கிறது

திருநெல்வேலியில் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சிக்கு ஆப் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். எத்தனை அண்டா போனது, எத்தனை சாம்பார் வாளி திரும்பியது, எந்தக் கல்யாண வீட்டில் ஜல்லிக் கரண்டி தங்கிவிட்டது என்பதெல்லாம் போனில் தெரிய வேண்டும். ஒரு கோடு போட்ட நோட்டு இத்தனை காலம் சார்ஜ் போடாமலே செய்துவந்த வேலை.

எழுத உட்காருமுன் எதில் எழுதுவது என்று முடிவு செய்ய வேண்டுமே. எங்கள் தொழிலில் ஆப் எழுதுகிறவர்களைவிட, எதில் எழுதுவது என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் அதிகம். என் விஷயத்தில் பேச்சே தேவைப்பட்டிருக்காது. கடையில் எல்லோர் கையிலும் ஆண்ட்ராய்டு. கோட்லின் மொழியை 2017இல் ஏற்றுக்கொண்ட கூகுள், 2019இல் இனி இதற்குத்தான் முதலிடம் என்றே அறிவித்துவிட்டது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறக்கவேண்டியதுதான் பாக்கி. அப்போது அண்ணாச்சி மெதுவாக ஆரம்பித்தார்.

“தம்பி, மாப்பிள்ளை போன்லயும் வரணும். அவரு ஐபோன் வச்சிருக்காரு.”

மாப்பிள்ளை இருப்பது பெங்களூரில். அண்டாக் கணக்கு அவருக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை சம்பந்தப்பட்ட விஷயங்களில் காரணம் கேட்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

ஐபோனுக்கு ஸ்விஃப்ட்டில் தனியாக எழுதவேண்டும். அதற்கு எக்ஸ்கோடு வேண்டும். எக்ஸ்கோடு மேக் கம்ப்யூட்டரில்தான் ஓடும். ஆப்பை ஸ்டோரில் வைக்க, கூகுளுக்கு ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டினால் போதும்; ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். இதைக் கேட்டும் அண்ணாச்சி அசரவில்லை. “வருஷா வருஷம் தீபாவளிச் சீர் செய்யத்தானே செய்யுதோம். அதுல சேத்துக்கிடுவோம்” என்றார்.

ஒரே கணக்கை இரண்டு மொழியில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. உலகத்தில் யாருக்குமே இல்லை போலிருக்கிறது. இல்லாவிட்டால் ஒருமுறை எழுதி இரண்டு போனிலும் ஓட்டும் கருவிகள் இத்தனை வந்திருக்காது. வந்தது மட்டுமா? 2009இல் போன்கேப் வந்தது. வலைப்பக்கம் எழுதத் தெரிந்தால் போதும், உறை போட்டு ஆப் என்று கொடுத்துவிடலாம். 2011இல் அடோபி அதை வாங்கியது, 2020இல் கைவிட்டது. ஸாமரின் 2011இல் பிறந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, பெரிய இடத்துச் சம்பந்தம், இனிக் கவலை இல்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2024 மே 1ஆம் தேதியோடு அதற்கான ஆதரவு முடிந்தது.

வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல்5-ஐ அளவுக்கு மீறி நம்பியதுதான் ஃபேஸ்புக் செய்த மிகப் பெரிய தவறு என்று மார்க் ஸக்கர்பெர்க் 2012இல் மேடையிலேயே சொன்னார். மூன்று வருடம் கழித்து அதே நிறுவனம் இரண்டு போனுக்குமான ரியாக்ட் நேட்டிவ் கருவியை வெளியிட்டது. அதை எடுத்துக்கொண்ட ஏர்பிஎன்பி, 2018இல் ஏன் விட்டு விலகுகிறோம் என்று ஒரு கட்டுரைத் தொடரே எழுதியது. என் நண்பர்களில் அந்தத் தொடரைப் படிக்காதவர் இல்லை. படித்துவிட்டு ரியாக்ட் நேட்டிவ் வேலைக்கு விண்ணப்பம் போடாதவரும் இல்லை.

கடைசியில் ரியாக்ட் நேட்டிவா, அதே ரகக் கருவியான ஃப்ளட்டரா என்று வந்து நின்றது. அண்ணாச்சியிடம் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். ரியாக்ட் நேட்டிவ், போனில் ஏற்கெனவே இருக்கிற பொத்தான், பெட்டிகளையே வரவழைத்துப் பயன்படுத்தும், வாடகைப் பாத்திரம். ஃப்ளட்டர் அவற்றைத் தொடாது, பொத்தான் முதல் எழுத்துவரை தானே திரையில் வரைந்துகொள்ளும், சொந்தப் பாத்திரம்.

“வாடகைதான் லாபம். சொந்தமா வச்சுக்கிட்டா யாரு கழுவுதது?” என்றார் அண்ணாச்சி. தொழில் தெரிந்தவர். நான் படித்த பெரும்பாலான ஒப்பீடுகளில் இந்தத் தெளிவு இல்லை. அவற்றில் பத்தாயிரம் வரிகள் கொண்ட பட்டியலை உருட்டி, எது திக்காமல் ஓடுகிறது என்று அளந்துகொண்டிருப்பார்கள். அண்ணாச்சியின் பட்டியல் இட்லிக் கொப்பரையில் தொடங்கி ஜமுக்காளத்தில் முடிந்துவிடும். டீக்கடை ஆலோசகர்களில் ஒருவன் போன மாதம் வெளிவந்த கருவியைத்தான் எடுக்கவேண்டும் என்று நின்றான். அடுத்த நேர்காணலில் சொல்லிக்கொள்ள அவனுக்கு அது தேவை. கருவித் தேர்வில் பாதி இப்படித்தான் நடக்கிறது, வெளியே யாரும் சொல்வதில்லை.

அண்ணாச்சியின் வாதம் நியாயமாக இருந்தும் நான் ஃப்ளட்டரைத்தான் எடுத்தேன். முகூர்த்த நாள் ராத்திரி பதினோரு மணிக்கு, “தம்பி, ரெண்டு அண்டா உதைக்கு” என்று போன் வந்தால் எடுக்கப்போவது நான். அரைத் தூக்கத்தில் எனக்குப் படிக்க வருவது ஃப்ளட்டரின் டார்ட் மொழி ஒன்றுதான். பிரவுசர்களில் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தைப் பிடிக்கவேண்டும் என்று 2011இல் கூகுள் கொண்டுவந்த மொழி அது. அங்கே இடம் கிடைக்காமல் நின்றதை ஃப்ளட்டர் வந்து வாழவைத்தது. இந்த மாதிரி வாழ்க்கை வரலாறு உள்ள மொழிமேல் எனக்கு ஒரு பாசம் உண்டு.

முதல் திரையைக் காட்டியபோது வலது ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாய்ச் சாய்வுப் பட்டை விழுந்தது. எழுத்து இடத்துக்குள் அடங்காவிட்டால், இத்தனை பிக்ஸல் வழிகிறது என்று ஃப்ளட்டர் எழுதுகிறவனுக்குக் காட்டும் எச்சரிக்கை. ‘ரிட்டர்ன்’ என்று வைத்திருந்தால் அடங்கியிருக்கும். நான் ‘திரும்பி வராத பாத்திரங்கள்’ என்று வைத்திருந்தேன். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, “ரோட்டு வேலை நடக்கா தம்பி?” என்றார். எழுத்தை மடித்து இரண்டு வரியாக்கினேன். பட்டை போனது. பாத்திரங்கள் இன்னும் வரவில்லை.

ஆக, ஆப் தயார். இனிப் பிளே ஸ்டோர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் பெயரில் தொடங்கிய கணக்கென்றால், ஆப்பைப் பொதுவில் விட அனுமதி கேட்குமுன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்கவேண்டும். முதலில் 20 பேர் என்று வைத்து, பிறகுதான் 12 ஆகக் குறைத்தார்கள். என் கணக்கு அந்த ரகம். கடைப் பையன்கள், அண்ணாச்சி, அவர் மனைவி, என் அத்தை, எதிர்வீட்டு இன்ஷூரன்ஸ் மாமா என்று ஆள் பிடித்தும் இரண்டு பேர் குறைகிறார்கள். மாப்பிள்ளையைச் சேர்க்க முடியாது, அவரிடம் இருப்பது ஐபோன். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் வாசகர் இருவர் மனது வைத்தால் போதும். அவ்வப்போது திறந்து ஓர் அண்டாவை உள்ளே வெளியே போடுங்கள். தயவுசெய்து 14 நாளைக்கு மட்டும் அழித்துவிடாதீர்கள்.