டார்கெட்டா, நேர்மையா?

(வேலையிடக் கேள்வி-பதில்)

எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் 'நேர்மை, மரியாதை' என்று பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். நம்பலாமா?
- வாசகி, கோவை

எழுத்தை வைத்து நம்பாதீர்கள். அமெரிக்காவின் என்ரான் நிறுவனமும் மரியாதை, நேர்மை என்றெல்லாம் கொள்கை அறிவித்திருந்தது. கணக்கு மோசடி அம்பலமாகி 2001 டிசம்பரில் திவாலானது. உங்கள் ஆபீஸில் கடைசியாகப் பதவி உயர்வு வாங்கியவர் யார், எதற்காக வாங்கினார் என்று விசாரியுங்கள். நிர்வாகம் எதை மதிக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

குறிக்கோளோடு டீமை நடத்து என்கிறார்கள். அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தால் எல்லோரும் மொபைலைப் பார்க்கிறார்கள்.
- டீம் லீட், சென்னை

யாருக்காக உழைக்கிறோம் என்பதைக் கண்ணில் காட்டுங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஆயிரக்கணக்கானவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் சொன்ன குறிக்கோள் ஒன்றுதான்: தடுக்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது.

அது வெறும் பேச்சாக நிற்கவில்லை. அங்கே ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் கண்புரை ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேசையில் இன்னொருவரைத் தயார்செய்து விடுவார்கள். முடித்த கையோடு மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு டாக்டர் வேலையைத் தொடர்வார். இறக்குமதி லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992-ல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் தயாரித்தார்கள். பணம் கட்ட முடியாதவருக்கும் பார்வை கிடைக்க வேண்டும் என்ற முடிவுதான் மேசையின் இடத்தையும் லென்ஸின் விலையையும் தீர்மானித்தது.

அடுத்த மீட்டிங்கில் ஸ்லைடு வேண்டாம். உங்கள் டீமின் வேலையால் அவதிப்பட்ட வாடிக்கையாளர் எழுதிய புகார் ஒன்றை முழுசாக வாசியுங்கள். மொபைல்கள் கீழே இறங்கும்.

'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்கிறார் மேனேஜர்.
- வாசகர், திருப்பூர்

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்கிற நாளில் என்ன சொல்கிறார், பாருங்கள். ஓவர்டைமுக்குக் காசும், நேரத்தோடு வீடு திரும்ப வழியும் தருகிறவர் 'குடும்பம்' என்று சொல்லாவிட்டாலும் நல்ல மேனேஜர்தான்.

நான் வங்கிக் கிளை மேலாளர். டார்கெட்டுக்காக, கேட்காத பாலிசியை வாடிக்கையாளர் தலையில் கட்டச் சொல்லி மேலிடம் நெருக்குகிறது. என் டீமுக்கு நான் என்ன சொல்ல?
- பெயர் வேண்டாம், திருச்சி

உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் இதில் நடுவழி கிடையாது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு சேவைகளை விற்கச் சொல்லி ஊழியர்களை விரட்டியது. வாடிக்கையாளர் நலனே முதல் என்று அச்சடித்த கொள்கை ஏடும் அங்கே இருந்தது. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 பேர் வேலை இழந்தார்கள். டார்கெட் வைத்தவர்கள் மேலே இருக்க, முதலில் வேலை போனது கவுன்டரில் இருந்தவர்களுக்கு. இதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

நாளைக் காலை உங்கள் ஆட்களைக் கூப்பிட்டு, "வேண்டாம் என்றவருக்கு நம் கிளையில் பாலிசி விற்பதில்லை" என்று சொல்லுங்கள். விற்ற எண்ணிக்கையோடு, பதின்மூன்றாம் மாத பிரீமியம் எத்தனை பேர் கட்டினார்கள் என்பதையும் பலகையில் எழுதுங்கள். ஏமாந்து வாங்கியவர் அந்த மாதம் கட்ட மாட்டார். மேலிடத்துக்கும் இந்தக் கணக்கோடு எழுத்தில் அனுப்புங்கள். குறைந்த எண்ணிக்கைக்கு நீங்கள் திட்டு வாங்குவதை டீம் பார்க்கட்டும். அதற்குப் பிறகு உங்கள் சொல்லை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

பொறுப்பேற்பது என்றால் ராஜினாமா செய்வதா?
- கல்லூரி மாணவர், அரியலூர்

உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி! 1956-ல் மெகபூப்நகர் ரயில் விபத்துக்காக ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அரியலூர் ரயில் விபத்து. மறுபடி கொடுத்து விலகினார். அமைச்சருக்கு அது பெருமை. டீம் தலைவர் விலகிவிட்டால் பிழையைத் திருத்துவது யார்? 1979-ல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தபோது, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே பத்திரிகையாளர்கள் முன் நின்றார். 1980 ஜூலையில் வெற்றி கிடைத்தபோது திட்ட இயக்குநர் கலாமைப் பேசச் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்த கதை. அடி வாங்கவாவது சிலர் வருவார்கள், கைதட்டலை விட்டுக்கொடுக்க ஆள் கிடைப்பது அரிது.

லைனில் பிழை நடந்தால் மறைத்துவிடுகிறார்கள்.
- சூப்பர்வைசர், ஓசூர்

கடைசியாக ஒருவர் தானே வந்து பிழையைச் சொன்னபோது அவருக்கு என்ன நடந்தது? டொயோட்டா தொழிற்சாலையில் கோளாறைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம். உதவிக்கு லீடர் ஓடி வருவார். சரியாகாவிட்டால் லைன் நிற்கும். உங்கள் இடத்தில் மெமோ வருகிறது என்றால், மறைக்கக் கற்றுக்கொடுப்பது நீங்கள்தான்.

ஆள் எடுக்கும்போது திறமையா, குணமா?
- வாசகி, மதுரை

குணத்தைப் பார்த்து எடுங்கள், கற்றுக்கொடுக்க முடிந்ததைக் கற்றுக்கொடுங்கள். உங்கள் ஊர் அரவிந்தில் கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி தருகிறார்கள். மருத்துவமனையின் பெரும்பகுதி வேலை அவர்கள் கையில்தான்.

எங்களுடையது ஆறு பேர் வேலை செய்யும் அச்சகம். எங்களுக்கும் கொள்கை எல்லாம் தேவையா?
- அச்சக உரிமையாளர், சிவகாசி

கட்டாயம் தேவை. ஒன்றே ஒன்று போதும். முடியாத தேதியைச் சொல்லி காலண்டர் ஆர்டர் பிடிக்க மாட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீசனில் பெரிய பார்ட்டி ஒன்று அவசரப்படுத்தும்போது, ஆறு பேர் காதிலும் விழும்படி "அந்தத் தேதிக்கு ஆகாது, அண்ணாச்சி" என்று சொல்லுங்கள். சீசன் முடிந்ததும் என்ன ஆயிற்று என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.