கல்வித் தந்தை ஆவது எப்படி?

முதலில் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யுங்கள். லாபத்துக்குக் கல்லூரி நடத்தச் சட்டம் இடம் தராது. ஆகவே நீங்கள் செய்யப்போவது தர்மம். தலைவர் நீங்கள், செயலாளர் மனைவி, பொருளாளர் மச்சான். கட்டடம் கட்டுவது மச்சானின் கம்பெனி, பஸ் ஓட்டுவது மருமகனின் கம்பெனி. அறக்கட்டளைக்குச் சல்லிக்காசு மிஞ்சாது. குடும்பத்துக்கு மிஞ்சும்.

மாணவர் சேர்க்கைக்கு நன்கொடை வாங்கினால் குற்றம் என்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆகவே ரசீது கொடுக்காதீர்கள். 2002-ல் உச்ச நீதிமன்றம் ‘நியாயமான உபரி’ இருக்கலாம் என்றது. எது நியாயம் என்பதை உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். கட்டணக் குழு ஒரு தொகை நிர்ணயிக்கும். அது நோட்டீஸ் போர்டுக்கு.

ஆசிரியர் சம்பளமா? ஒரே பேராசிரியர் பத்துக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஊழியராகக் கணக்கில் இருந்ததை 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. நரசிம்மர்கூட ஒரு தூணிலிருந்துதான் வந்தார். இவர் ஆய்வுக்குழு தட்டுகிற தூணிலெல்லாம் இருப்பார்.

பணமில்லை என்று ஒரு கொத்தனார் கைகட்டி நின்றால் வங்கிக்கு அனுப்புங்கள். ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லாமலே கல்விக் கடன் உண்டு. சனி பிடித்தால் ஏழரை ஆண்டில் விட்டுவிடும். இந்த ஏழரையை அடைக்க 15 ஆண்டு வரை தவணை தருவார்கள். பையன் உணவுப் பொட்டலம் சுமந்து பைக்கில் ஓடி அடைக்கட்டும். உங்களுக்கு வரவேண்டியது முன்பே வந்துவிட்டது.

அரசுக்கு நன்றி சொல்ல மறக்காதீர்கள். நாட்டு வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்கு வேண்டும் என்று கோத்தாரி குழு 1966-ல் சொன்னது. 1968, 1986, 2020 என்று மூன்று கல்விக் கொள்கைகளும் அதையே பயபக்தியோடு எழுதிவைத்தன. எழுதியதோடு சரி. அந்தப் பணம் மட்டும் வந்திருந்தால் நீங்கள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்று பட்டம் கொடுத்துக் கூலிக்கு ஆள் வைப்பதை நிறுத்தி, நிரந்தரப் பேராசிரியர்களை நியமித்தால்? ஊருக்கு ஊர் அரசு இடங்கள் பெருகினால்? மச்சான் கம்பெனி வரை கணக்கைத் தோண்டி, ரசீதில்லாப் பணத்துக்குச் சிறை என்றால்? படிப்பு மலிந்துவிடும், நம் பிழைப்பு போய்விடும். ஆனால் தைரியமாக இருங்கள். அதையெல்லாம் செய்ய வேண்டிய சபைகளில், கட்சி பேதமில்லாமல், நம் தொழில்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.