தாளிப்பும் உப்புத் தண்ணீரும்: பந்தல்குடி அடுப்படிச் சுவர் டைல்ஸ் குறித்து ஓர் ஆய்வு

கல்வெட்டைப் படித்தாயிற்று, ஓலைச்சுவடியைப் படித்தாயிற்று, பானை ஓட்டில் கிடந்த கீறலைக்கூடப் படித்தாயிற்று. தமிழ் ஆய்வுலகம் கை வைக்காமல் விட்டிருப்பது அடுப்படிச் சுவரைத்தான். கேஸ் அடுப்புக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் டைல்ஸில் ஒரு குடும்பத்தின் வரலாறு எழுதிக் கிடக்கிறது: கடுகு வெடித்த புள்ளிகள், பால் பொங்கி வழிந்த கோடு, விசிலோடு சேர்ந்து குக்கர் பீய்ச்சிய பருப்புத் தண்ணீர். இந்தச் சாசனத்தை எந்த நிறக் கல்லில் எழுதவிடுவது என்பதே இவ்வாய்வின் பொருள்.

ஆய்வுக் களம் பந்தல்குடி. மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நாற்கரச் சாலையில், அருப்புக்கோட்டை தாண்டி, எட்டயபுரம் வருவதற்கு முன்னால் இருக்கிறது. இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம், மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். ராம்கோ சிமெண்ட் நிறுவனத்தின் சுரங்கம் இங்கே உண்டு. வெட்டிய கல், விருதுநகருக்குப் பக்கத்தில் 1960-களின் தொடக்கத்தில் ஓட ஆரம்பித்த ராமசாமி ராஜா நகர் ஆலைக்குப் போகிறது. டைல்ஸை ஒட்டுகிற சிமெண்டுக்கு மூலம் சுண்ணாம்புக்கல். சுவர் டைல்ஸின் உடம்பிலும், சூளையில் சுருங்கிக் கோணிவிடாமல் இருக்க, களிமண்ணோடு சுண்ணாம்புக்கல் பொடி கலப்பது வழக்கம். போர்த் தண்ணீரில் கரைந்து வந்து டைல்ஸின் மேல் வெள்ளையாகப் படிவதிலும் பெரும்பங்கு சுண்ணாம்புதான். ஒட்டுவதும் அது, ஒட்டப்படுவதும் அது, கடைசியில் வந்து ஒட்டிக்கொள்வதும் அது. 1879-இல் ரமணர் பிறந்த திருச்சுழி பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால், இந்த அத்வைதம் வட்டாரத்துக்குப் புதிதல்ல.

முதலில் முன்னோர் ஆய்வு. ஹாலந்துக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே டெல்ஃப்ட் நகரத்து வகை வெள்ளை ஓடுகளில் நீல நிறத்தில் கப்பலும் மாடும் வரைந்து அடுப்பைச் சுற்றிப் பதித்தார்கள். 1926-இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையில் அலமாரிகளுக்கு நீல வண்ணம் அடித்தார்கள்; நீலத்தில் ஈ உட்காராது என்று அறிவியலாளர்கள் சொல்லியிருந்தார்களாம். ஆடி மாதக் காற்றில் பந்தல்குடிப் பக்கம் வரும் ஈக்களுக்கு நிறப் பாகுபாடு கிடையாது. ஆகவே ஜெர்மானிய முடிவை இங்கே பொருத்த இயலாது.

செட்டிநாட்டு வீடுகளில் ஜப்பானியப் பூ ஓடுகள் சுவரில் உண்டு. ஆனால் அவை இருப்பது விருந்தாளி பார்க்கிற இடத்தில். ஆத்தங்குடிக் கல்லோ சிமெண்டையும் மணலையும் சாயத்தையும் கண்ணாடித் தட்டின் மேல் ஊற்றிச் செய்வது, சூளை காணாதது, தரைக்குரியது. அதை ஆசைப்பட்டு அடுப்புக்குப் பின்னால் ஒட்டினால் எண்ணெயைக் குடித்துவிட்டு ஏப்பம்கூட விடாது.

உள்ளூர் முன்னோர்களுக்கோ இந்தப் பிரச்சினையே எழவில்லை. சீமைக் கருவேல விறகு எரிந்த அடுப்படியில் சுவர் முழுக்க ஒரே நிறம், கரி. பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்தால் மாசிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிடும். கரிச்சுவரில் கறை ஏது? 2007-இல் தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்புத் திட்டமும், 2016-இல் மத்திய அரசின் உஜ்வலாவும் வந்து புகையைக் குறைத்த பிறகுதான், தாளிப்பு எங்கெல்லாம் தெறிக்கிறது என்பது பல வீடுகளில் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. டைல்ஸ் தேவையை உண்டாக்கியது சிலிண்டர் என்பது இவ்வாய்வின் துணிபு.

தெறிப்பின் இயற்பியலைப் பார்க்கலாம். கடுகுக்குள் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. 100 டிகிரியில் ஆவியாகிற நீரை அதைவிட எவ்வளவோ சூடான எண்ணெயில் போட்டால், அது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். போகிற போக்கில் எண்ணெயையும் அள்ளித் தெளிக்கும். கழுவிய ஈரத்தோடு கறிவேப்பிலையைப் போடுகிறவர்களால் இந்த விளைவைப் பல மடங்கு பெருக்க முடியும். சுவரில் பட்ட எண்ணெய் சும்மா இருப்பதில்லை. காற்றுப் பட்டு மெல்ல இறுகிப் பிசுக்காகிறது. புதுப் பிசுக்கு துணிக்கு வரும். பழைய பிசுக்கு நகத்துக்குத்தான் வரும்.

அடுத்து உயரம். இதில் அறிஞர் பெருமக்கள் மூன்று கட்சி. மேடைக்கு மேலே இரண்டடி போதும் என்பவர்கள் ஈரடியார். நாலடி வேண்டும் என்பவர்கள் நாலடியார். லிண்டல் வரைக்கும் ஏற்றிவிட வேண்டும் என்பவர்கள், கையில் காசு புழங்குகிற வெளிநாட்டுச் சம்பளக்காரர்கள். ஈரடியாரின் கணக்கு எளிது: எல் வடிவ மேடை 16 அடி நீளம் என்றால், 12×18 அங்குல டைல்ஸைப் படுக்கைவாக்கில் ஒட்ட வரிசைக்கு 11, இரண்டு வரிசைக்கு 22. ஆறு டைல்ஸ் அடங்கிய பெட்டியானால் நாலு பெட்டி எடுக்கலாம், இரண்டு மிஞ்சும். வெட்டும்போது உடைவதை நினைத்து இன்னொரு பெட்டி சேர்த்து எடுக்கச் சொல்வார் ஒட்டுகிறவர். கடைக்காரருக்கும் அவருக்கும் ஏதோ ஏற்பாடு என்று சந்தேகிக்க வேண்டியதில்லை. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் பேட்ச் நம்பர் மாறினால் சாயலும் மாறும். ஒரு வருடம் கழித்து ஒற்றை டைல்ஸுக்கு ஜோடி தேடி அருப்புக்கோட்டைக் கடைகளில் அலைவது, மறைந்த நூலின் இரண்டாம் பிரதியைத் தேடுவதற்குச் சமம்.

அளவிலும் ஒரு சூட்சுமம். ஓரடி என்று சொல்லி விற்கிற டைல்ஸின் உயரம் 300 மில்லிமீட்டர். மெய்யான அடி 304.8. நாலடியாருக்கு நாலு வரிசையும் இடையே இரண்டிரண்டு மில்லிமீட்டர் இணைப்பும் சேர்த்து 1,206 தான் வரும். கொத்தனார் சுவரில் கோடு போட்டு வைத்த நாலடி 1,219. இந்த 13 மில்லிமீட்டர் இடைவெளியை யார் பூசுவது என்பதில் கொத்தனாருக்கும் டைல்ஸ்காரருக்கும் பேச்சுவார்த்தை முறிந்த வீடுகள் உண்டு. சுவிட்சு பாக்ஸ் இருக்கிற இடத்தில் எலக்ட்ரீசியனும் இந்த வழக்கில் சேர்ந்துகொள்வார்.

இனி நிறம். இந்த ஆய்வின் நெஞ்சுக்குழி இதுதான்.

வெளியூர் நிபுணர்களின் அறிவுரை எல்லாம் எண்ணெயைப் பார்த்தே எழுதப்பட்டது. வெளிர் நிறம் போட்டால் மஞ்சளும் பிசுக்கும் தெரியும், அதனால் அடர் நிறம் போடுங்கள் என்பார்கள். கரும்பச்சை, காப்பிக் கொட்டை நிறம், பளபளக்கும் கருப்பு. படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அறிவுரை நல்ல தண்ணீர் ஓடுகிற ஊருக்கானது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு சொல்கிறது. வானம் பார்த்த பூமியில் போர்த் தண்ணீர் அந்தத் தாளைப் படித்துவிட்டு மேலே வருவதில்லை. குழாயடியில் இருக்கும் கருப்பு டைல்ஸைக் கிட்டப் போய்ப் பார்த்தால் புரியும். ஒவ்வொரு சொட்டும் காய்ந்த இடத்தில், நடு வெளுத்தும் வெளுக்காமலும், விளிம்பு மட்டும் தடித்து ஒரு வெள்ளை வளையம். அதன் மேல் இன்னொன்று, அதை வெட்டிக்கொண்டு மூன்றாவது. ஒரு மாதத்தில் சுவர் முழுக்க அம்மை போட்டதுபோல் ஆகிவிடும். தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போகுமா? துடைக்கிற தண்ணீரும் அதே போர்த் தண்ணீர்தானே.

ஆக, வெளிர் டைல்ஸ் அடுப்பைக் காட்டிக்கொடுக்கும், அடர் டைல்ஸ் குழாயைக் காட்டிக்கொடுக்கும். உப்பின் நிறத்திலேயே டைல்ஸ் எடுப்பதுதான் இதற்குத் தீர்வு. தூய வெள்ளை அல்ல. தந்த நிறம், மணல் நிறம், லேசாகப் பொடிப் புள்ளி விழுந்த சந்தன நிறம். உப்புப் படிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் தெறித்தால் அன்றன்றைக்குத் துடைத்துக்கொள்ளலாம். துடைக்க ஈரத்துணி ஒன்று போதும். மேற்பரப்பு கிளாஸியாக இருக்கட்டும். மேட் டைல்ஸின் சொரசொரப்பில் பிசுக்கு போய் உட்கார்ந்துகொண்டால் எழுந்திருக்காது.

கடைக்காரர் சொல்லை நம்பத் தேவையில்லை. ஒரு சாம்பிள் துண்டைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு மூலையில் போர்த் தண்ணீர், ஒரு மூலையில் மஞ்சள் குழைத்த எண்ணெய், இன்னொன்றில் புளிக்கரைசல் என்று தடவி ஓர் இரவு வைத்தால் மறுநாள் டைல்ஸ் தானே பேசும்.

கறையை எடுக்க ஆசிட் ஊற்றும் பழக்கம் பற்றியும் குறித்துவைக்க வேண்டும். பாத்ரூம் ஆசிட் பட்டதும் சுண்ணாம்புப் படிவு நுரைத்துக்கொண்டு கரையும், உண்மைதான். ஆனால் டைல்ஸ் இணைப்பில் இருக்கும் சிமெண்டும் சுண்ணாம்பு வம்சமே. ஆசிட் உறவுமுறை பார்த்து விட்டுவைக்காது. பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடியால் தேய்த்தால் மெதுவாகப் போகும், இணைப்புக்கும் சேதம் குறைவு. வெள்ளை சிமெண்டால் அடைத்த புது இணைப்பில் இன்னொரு வேடிக்கை நடக்கும். அதற்குக் காரத்தன்மை உண்டு. மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிற நாட்டில் இதற்குச் சோதனைக்கூடம் வேண்டியதில்லை. சாம்பார் தெறித்த கோட்டில் குங்குமம் வைத்ததுபோல் தெரிவதைக் கண்டு மாமியார் மருமகளைக் கேட்கும் கேள்விகள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இணைப்பை அடைக்க, காசு இருந்தால் எபாக்ஸி, இல்லாவிட்டால் சாம்பல் நிறப் பொடி.

இணைப்பே விடாமல் நெருக்கி ஒட்டினால் அழகு என்று நினைப்பவர்கள் கரிசல் மண்ணை மறந்தவர்கள். மழையில் உப்பி, கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கிற மண் அது. அஸ்திவாரம் ஆழமில்லாத வீட்டில் சுவரும் கூடவே அசையும். இடமில்லாத டைல்ஸ் அப்போது வயிற்றைத் தள்ளிக்கொண்டு சுவரைவிட்டு எழும்பும். விரல் முட்டியால் தட்டினால் பொள்ளென்று கேட்கிற டைல்ஸ் விழப்போகிறது என்று பொருள்.

எஞ்சியிருப்பது ஹைலைட்டர். கடைகளில் லைட், டார்க், ஹைலைட்டர் என்று மூன்றும் ஒரே குடும்பமாக அடுக்கியிருக்கும். ஹைலைட்டர் என்பது படம் போட்ட டைல்ஸ். நாட்டில் விற்கும் டைல்ஸின் பெரும்பகுதி குஜராத் மோர்பியிலிருந்து வருகிறது. அங்கே இங்க்ஜெட் எந்திரம் எதைச் சொன்னாலும் அச்சடிக்கும், சூளை 1,100 டிகிரிக்கு மேல் சுட்டு அதை நிரந்தரமாக்கும். அப்படி நிரந்தரமாக்கி, சுமார் 2,000 கிலோமீட்டர் லாரியில் ஏற்றிப் பந்தல்குடிக்கு அனுப்புவது எவற்றை? ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை, கிவிப் பழம், ஆலிவ், மதுக் கிண்ணத்தில் சரிந்து விழும் செர்ரி. கம்பும் சோளமும் மல்லியும் உளுந்தும் விளைகிற வட்டாரத்தில், கம்பங்கூழ்ச் சட்டி வரைந்த டைல்ஸோ, சாத்தூர்ச் சேவுப் பொட்டலம் வரைந்த டைல்ஸோ கிடையாது. மதுக்கடைக்கு எதிராக மறியல் செய்த அப்பத்தாவின் அடுப்படியிலும் அந்த மதுக் கிண்ணம் நிற்கும்; அதைப் பழச்சாறு என்றே வீட்டார் கொள்கின்றனர்.

கடையில் இந்த ஆய்வெல்லாம் எப்படிக் கரையேறுகிறது என்பதற்கு வழக்கமான காட்சி இது. "அண்ணாச்சி, இதுல எண்ணெய் ஒட்டாதுல்ல?" என்பார் வீட்டுக்காரம்மா. "துடைச்சாப் போயிரும் தங்கச்சி" என்பார் கடைக்காரர். "யாரு துடைக்கிறது?" என்று கேட்டதும் வீட்டுக்காரர் சீலிங் ஃபேன் சுற்றுவதைக் கவனிக்கத் தொடங்குவார். போட்டோ எடுத்து திருப்பூரிலிருக்கும் தங்கைக்கும் சிங்கப்பூரிலிருக்கும் மச்சானுக்கும் அனுப்புவார்கள். அக்கினி மூலையில் கருப்பு ஆகாது என்று ஒரு பதில் வரும்; போன் திரையில் சந்தன நிறம் ரோஸாகத் தெரிந்து இன்னொரு குழப்பம் வரும். கடைசியில் இவ்வாய்வு பரிந்துரைத்த அதே சந்தன நிறக் கிளாஸி டைல்ஸ் முடிவாகும். காரணம் உப்போ எண்ணெயோ அல்ல. மதினி வீட்டிலும் அதுதான்.

ஹைலைட்டர் எத்தனை என்பதில்தான் இழுபறி. ஒன்றும் வேண்டாம் என்பது வீட்டுக்காரர் கட்சி, ஏனென்றால் அதற்கு விலை கூடுதல். நாலு வேண்டும் என்பது பிள்ளைகள். அண்ணாச்சி கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டி, ஐந்து பெட்டி எடுத்தால் காப்பிக் கோப்பை இரண்டை லைட் விலைக்கே போட்டுத் தருவதாகச் சொல்கிறார். அடுப்புக்கு நேர் பின்னால், குக்கர் விசில் பீய்ச்சும் உயரத்தில், அவற்றை ஒட்டுவதென்று ஒத்துக்கொண்டு பில் போட்டாகிறது.