நுனிக்கு வயது ஐந்து

கே: இடுப்பு வரை கூந்தல். மேலே பட்டாக இருக்கிறது. நுனியோ வறண்டு, தொட்டாலே உடைகிறது. உச்சந்தலையில் எண்ணெய் ஊற்றி ஊற்றிக் களைத்துவிட்டேன். என்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

ப: நுனியைக் கோபிக்காதீர்கள், உங்கள் தலையில் மூத்தவர் அவர்தான்! முடி மாதத்துக்கு ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் வளரும். 70 செ.மீ. கூந்தலின் நுனிக்கு வயது ஏறக்குறைய 5. அத்தனை வருட வெயிலிலும் சீப்பிலும் ஷாம்புவிலும் அதன் மேல்செதில்கள் தேய்ந்துவிட்டன. உயிரற்ற புரதம், தானாக ஆறாது.

உச்சியில் ஊற்றிய எண்ணெய் நுனிக்கு வருவதற்குள் தலையணை குடித்துவிடும். தலைக்குக் குளிக்கும் முன் நுனியிலேயே தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் புகுந்து, கழுவும்போது புரதம் இழப்பதைக் குறைக்கும். ஷாம்பு உச்சந்தலைக்கு, கண்டிஷனர் நுனிக்கு, இலாகாவை மாற்றிவிடாதீர்கள். துண்டால் அடித்து உலர்த்தாமல் ஒற்றி எடுங்கள். சிக்கை நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் பிரியுங்கள்.

ஏற்கெனவே பிளந்த நுனிக்கு? சீரம் ஒட்டிவைக்கும், அடுத்த தலைக்குளியல் வரை. நிரந்தர மருந்து கத்தரிக்கோல்தான். 2 செ.மீ. போனால் இரண்டே மாதத்தில் வளர்ந்துவிடும். பார்லரில் மட்டும் 'ரெண்டு செ.மீ.' என்று விரலால் காட்டாதீர்கள், ஸ்கேலோடு போங்கள்!