பேராண்டியின் பட்டினியும் வளைகுடாப் பூச்சியும்

ஏலே பேராண்டி, தினமும் 16 மணி நேரம் பட்டினி கிடக்கியாம்லா? அதையும் போன்ல போட்டு ஊருக்கெல்லாம் சொல்லுதியாம். உங்க ஆச்சி மாசம் ரெண்டு ஏகாதசிக்கு இருந்தா. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. சரி, பட்டினின்னு இறங்கிட்ட. நல்ல வாத்தியாரா ஒருத்தனைக் காட்டுதேன்.

ஜப்பான்ல டோபான்னு ஊர். அங்க ஒரு மீன் காட்சியகம். மெக்சிகோ பக்கத்துக் கடல்ல பிடிச்ச பூச்சி ஒண்ணைத் தொட்டியில வச்சிருந்தாங்க. பேரு பாதினோமஸ் ஜைகாண்டியஸ். பூச்சட்டியைத் தூக்கினா ஈரத்துல உருண்டையாச் சுருண்டுக்கிடுமே ஒரு பொடிப்பூச்சி, அதுக்குச் சொந்தக்காரன்தான். ஆனா இது ஒரு அடி நீளம், ஒரு கிலோ எடை. 2009 ஜனவரி 2-ஆம் தேதி ஒரு மீனைத் தின்னுச்சு. அதோட சரி. மீனைக் கொண்டுபோய் மூஞ்சிக்கு நேரா வச்சாலும் சீண்டலை. 2014 பிப்ரவரியில செத்துப்போச்சு. அஞ்சு வருசத்துக்கு மேல! ஒரு போட்டோ போட்டிருக்குமா?

உடனே அதைப் பெரிய ஞானின்னு நினைச்சுராத. அது இருக்கிற இடம் அப்படி. மெக்சிகோ வளைகுடா, கரீபியன், அந்த மேற்கு அட்லாண்டிக் அடியில 300 மீட்டருக்குக் கீழ, ரெண்டாயிரத்தையும் தாண்டி ஊர்ந்துக்கிட்டுக் கிடக்கும். குளிரு, கும்மிருட்டு. மேல எவனாவது செத்து கீழ விழுந்தாத்தான் சாப்பாடு. திமிங்கிலமோ கணவாயோ, விழுந்தது எதுவானாலும் சரி. நகர முடியாத அளவுக்கு வயிறு முட்டத் திங்கும். ஆராய்ச்சிக்காரங்க ஒருதடவை செத்த முதலையை அந்த வளைகுடா ஆழத்துல போட்டுப் பார்த்தாங்க. ஒரு நாளுக்குள்ள வந்து, அந்தத் தடித்தோலையே குடைஞ்சு உள்ள போயிட்டானுவ. தின்னதை உடம்புல கொழுப்பாச் சேர்த்துவச்சு, அசையாம கொஞ்சம் கொஞ்சமாச் செலவழிப்பான். நீ எட்டு மணி நேரத்துல பரோட்டாவை உள்ள தள்ளிட்டு, அதே பெருமையில மாடி ஏறி இறங்குத. கணக்கு எப்படிடே சரியாகும்?

சட்டை உரிக்கிறதைக் கேளு. முதல்ல பின்பாதி, ஆற அமர முன்பாதி. ஒரேயடியா உரிச்சா மேலெல்லாம் மெத்துன்னு ஆயிரும், எவனாவது கடிச்சிருவான்னு பயம் போல. நீ வேலையை விட்டு, ஊரை விட்டு, உணவையும் மாத்தி, எல்லாம் ஒரே மாசத்துல!

பிள்ளை வளக்குறதுலயும் அது அவசரப்படாது. பொட்டை வயித்துப் பையிலயே முட்டையை வச்சுக்கிடும். குஞ்சு வெளிய வரும்போது அப்பன் ஆத்தா சாயல் அப்படியே இருக்கும். கடைசி ஜோடிக் கால் மட்டும் பிறகு முளைக்கும்.

1879-ல மில்ன் எட்வர்ட்ஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரர்தான் இதுக்கு முதல்ல பேரு வச்சாரு. பிறகு பார்த்தா, பங்காளி ஏகப்பட்ட பேரு. முக்காவாசி இந்துமகா சமுத்திரத்துலயும் மேற்கு பசிபிக்லயும் இருக்கானுவ. 2025-ல வியட்நாம் பக்கத்துக்காரன் ஒருத்தனுக்கு, தலை சினிமா வில்லன் டார்த் வேடர் தொப்பி மாதிரி இருக்குன்னு 'வேடரி'ன்னு பேரு வச்சாங்க. அந்த ஊரு ஓட்டல்ல இந்த ஜாதியைப் பிடிச்சு வேகவச்சு விக்கான். சிங்கிறால் ருசிங்கான். ஆசைப்பட்டு டிக்கெட் போட்டுராதலே. எடைபோட்டு வாங்கினா பாதிக்காசு ஓட்டுக்கே போயிரும்.