விருந்தினர் தெய்வம், டிரெய்னி எடுபிடி

வெளிநாட்டுக்காரர் நம் மண்ணில் இறங்கியதுமே தெய்வமாகிவிடுகிறார். 'அதிதி தேவோ பவ' என்று விளம்பரமே செய்தாயிற்று. தெய்வத்துக்குப் பூஜை செய்ய ஆள் வேண்டாமா? ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் 2009-இல் ஒரு பயிற்சித் திட்டம் கொண்டுவந்தது: 'ஹுனர் சே ரோஸ்கார் தக்'. சமையலுக்கு எட்டு வாரம், பரிமாற ஆறு வாரம். நம் ஊர்ப் பையனுக்குப் பெயர் வாயில் நுழையவே இரண்டு வாரம் போய்விடும். மீதி நாலு வாரத்தில் உலகத் தரத்தை எட்டிவிட வேண்டியதுதான்.

ஆறு வாரம் போதாது என்கிற பெற்றோருக்கு கேட்டரிங் கல்லூரி இருக்கிறது. நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டலாம். 'கப்பலில் வேலை' என்று பேனரில் கோட்டும் டையுமாக ஒரு பிள்ளை சிரிக்கும். பிறகு வரும் இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங். நட்சத்திர ஹோட்டலில் பையன் என்ன கற்கிறான்? முதல் மாதம் கிலோக் கணக்கில் வெங்காயம் உரிக்கிறான். அதற்குள் கை பழகிவிடுவதால் அடுத்த மாதம் மூட்டைக் கணக்கில் உரிக்கிறான். கல்யாண பான்க்வெட் என்றால் நள்ளிரவு தாண்டி எச்சில் தட்டு, விடிந்தால் பஃபே. சம்பளம் கேட்டால், "நீ ஸ்டூடண்ட்தானே தம்பி, கத்துக்கத்தானே வந்திருக்க?" லீவு கேட்டால், "அப்போ ஷிஃப்ட்டை யார் பார்ப்பா?"

தொழில் பழகுபவனுக்கு உதவித்தொகை கொடு என்று 1961-லேயே சட்டம் போட்ட நாடு இது. கல்லூரி அனுப்பும் பிள்ளையை அந்தக் கணக்கில் சேர்க்காமல் இருப்பதில்தான் முதலாளிமார்களின் சாமர்த்தியமெல்லாம்.

ஹோட்டலுக்கு வெளியேயும் பயிற்சியின் கதி இதுதான். மாமல்லபுரத்துக்கு வாருங்கள். 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். வெண்ணெய் உருண்டைப் பாறையை 1908-இல் சென்னை மாகாண கவர்னர் ஹேவ்லாக் ஏழு யானை கட்டி இழுத்தும் அசையவில்லை என்று கைடு கதை சொல்வார். ஹேவ்லாக் 1900-லேயே கவர்னர் பதவியை விட்டுப் போனவர். 1908 அவர் செத்துப்போன வருஷம். கைடைத் திட்டாதீர்கள். அவருக்கு யார் பாடம் எடுத்தார்கள்? அதே ஊரில் 1957 முதல் அரசின் சிற்பக் கல்லூரி இருக்கிறது. ஊர்க் கைடுகளுக்கு அங்கே சாயங்கால வகுப்பு வைத்தால் பல்லவர் கோபித்துக்கொள்வார்களா? செப்டம்பர் 27 சுற்றுலா தினத்துக்கு வெள்ளைக்காரர் கழுத்தில் மாலை போட மட்டும் காசும் ஆளும் எங்கிருந்தோ வந்துவிடுகிறார்கள்.

அடுத்த முறை பெரிய ஹோட்டலில் சாப்பிடும்போது, தண்ணீர் ஊற்றும் பிள்ளையின் சட்டையில் 'டிரெய்னி' என்றிருந்தால், பில்லில் சர்வீஸ் சார்ஜும் போட்டிருந்தால், அதில் அவனுக்கு எவ்வளவு என்று மேனேஜரிடம் கேளுங்கள். பக்கத்து மேஜைக்கும் கேட்கும்படி கேளுங்கள்.